ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆகுற 2007 செடான், ஆறினாதான் திரும்ப ஸ்டார்ட் ஆகுது, யாராச்சும் வழி சொல்லுங்க

சேலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2007 மாடல், 1.6 லிட்டர் பெட்ரோல் செடான், அஞ்சு கியர் மேனுவல். அப்பா புதுசா எடுத்த வண்டி, இப்ப 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, 2022ல எஃப்சி பார்த்து ஆர்சி புதுப்பிச்சாச்சு, 2027 வரைக்கும் இருக்கு, பாடி துரு இல்லாம சுத்தமா இருக்கு, அதனால விக்குற யோசனை வீட்ல யாருக்குமே இல்ல.

பிரச்சனை என்னன்னா காலைல ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆயிடும், ஊருக்குள்ள கடைக்கு ஸ்கூலுக்குன்னு ஓட்டுனா ஒண்ணுமே தெரியாது, ஆனா ஹைவேஸ்ல முக்கால் மணி நேரம் போல ஓடி நல்லா சூடான பிறகு எந்த அறிகுறியும் இல்லாம சடக்குன்னு இன்ஜின் ஆஃப் ஆயிடுது. டெம்பரேச்சர் முள்ளு நடுவுலதான் நிக்குது, ஓவர்ஹீட் எல்லாம் இல்ல. உடனே செல்ஃப் அடிச்சா இன்ஜின் சுத்துது ஆனா பிடிக்காது, இருபது நிமிஷம் ஓரமா போட்டு வெச்சுட்டு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிடுது. போன மாசம் தர்மபுரில இருந்து வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்துல ஆஃப் ஆச்சு, பின்னாடி லோடு லாரி, கிளட்ச்ச மிதிச்சேன், ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பிரேக் ரெண்டு மிதிக்கு அப்புறம் இறங்கவே இல்ல, எப்படியோ இடது ஓரம் கொண்டு வந்து நிறுத்துனேன். பின் சீட்ல அம்மாவும் பாப்பாவும். அன்னில இருந்து வெளியூருக்கு இந்த வண்டிய எடுக்கவே இல்ல.

இது இல்லாம இன்னொண்ணு இருக்கு. 2000, 2500 ஆர்பிஎம்ல ஆக்ஸிலரேட்டர் குடுத்தா வெட்டி வெட்டி போகுது, பிக்கப் இல்ல. ஏற்காடு மலைல 20 கொண்டை ஊசி வளைவையும் செகண்ட் கியர்லயே இழுத்த வண்டி, இப்ப பாதி வளைவுல ஃபர்ஸ்ட் கேக்குது. ஐடில் நிக்காம ஏறி இறங்குது.

இதுவரைக்கும் பிளக், ஏர் ஃபில்டர், பேட்டரி மாத்தியாச்சு, இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் பண்ணியாச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல வண்டி நின்ன நேரத்துல செக் பண்ணிட்டு செல்ஃப் அடிக்கும்போது ஃப்யூயல் பம்ப் ஓடலன்னு சொல்லி புது பம்ப் போட்டாங்க, கொஞ்ச நாள் ஓடுச்சு, திரும்ப அதே கதை. இப்ப இசியூ (இன்ஜின கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க, அவங்க சொல்ற ரேட்டு வண்டியோட விலைல பாதி வருது. ரெண்டும் ஒரே பிரச்சனையா தனித்தனியா, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு விவரம் தெரிஞ்சவங்க சொன்னா நல்லா இருக்கும்.


மதுரை_வைகை:

ப்ரோ எல்லாத்துக்கும் காரணம் இ20 பெட்ரோல்தான். என் வண்டி 2011, இ20 வந்ததுல இருந்து மைலேஜ் போச்சு, ஐடில் சரியில்ல. பழைய வண்டி பலதும் இருபது சதவீதம் எத்தனாலுக்கு பண்ணதே இல்ல, 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில ஹோஸ், சீல் எல்லாம் அதுக்கு தாங்குற மாதிரி போட்டிருக்காங்க. பங்க்ல வேற வழியும் பெருசா இல்ல, பெரும்பாலான பங்க்ல அதான். பேசாம வண்டிய குடுத்துட்டு வேற பாருங்க, குடும்பத்தோட போற வண்டி நடுரோட்ல நிக்கிறது நல்லதில்ல, உயிர விட வண்டி பெருசு இல்ல.


கோவை_கராஜ்:

தம்பி, மொதல்ல ஒண்ணு, இசியூ வாங்காதீங்க. சூடானா நிக்குது ஆறினா ஓடுதுங்கற கேஸ்ல நூறு வண்டி வந்தாலும் இசியூ போனது ஒண்ணு ரெண்டு இருந்தா பெருசு. நான் கோவைல இந்த வேலைதான் பாக்கறேனுங்க, ஒர்க்‌ஷாப் பேரு வேண்டாம், விசயத்த மட்டும் சொல்றேன்.

ரெண்டும் தனித்தனி பிரச்சனைன்னு வெச்சுக்கிட்டே ஆரம்பிங்க. இப்ப ஆஃப் ஆகறத மட்டும் பாப்போம், வெட்டி வெட்டி போறத அப்பறம் பாத்துக்கலாம்.

பெட்ரோல் இன்ஜின் ஓடறதுக்கு கரண்டு வேணும், பெட்ரோல் வேணும், இது ரெண்டையும் எப்ப குடுக்கணும்னு இசியூக்கு தெரியணும். அந்த எப்பங்கறத சொல்றது கிராங்க் சென்சார், கிராங்க் ஷாஃப்ட் எந்த இடத்துல சுத்திக்கிட்டு இருக்குன்னு பாத்து சிக்னல் அனுப்பும். அந்த சிக்னல் நின்னா இசியூ இன்ஜினே சுத்தலன்னு நெனச்சுக்கிட்டு ஸ்பார்க்கையும் நிறுத்தும், இன்ஜெக்டரையும் நிறுத்தும், ஃப்யூயல் பம்ப்பையும் நிறுத்தும். ஆக்சிடென்ட் ஆகி வண்டி நின்னா பம்ப் பெட்ரோல பீச்சிக்கிட்டே இருக்கக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. உங்க ஒர்க்‌ஷாப்ல செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடலன்னு பாத்தது நிஜமா இருக்கலாம், ஆனா பம்ப் கெட்டதால ஓடலையா, இசியூ ஓட வேண்டாம்னு சொன்னதால ஓடலையான்னு பாத்திருக்கணும். நிறைய வண்டில நல்ல பம்ப்ப கழட்டி போடறது இந்த எடத்துலதான்.

கிராங்க் சென்சார் உள்ள மயிர் மாதிரி மெல்லிசு செப்புக் கம்பி சுத்தி இருக்கும், இன்ஜின் பக்கத்துலயே வருசக்கணக்கா வெந்துக்கிட்டு இருக்கறதால உள்ள எங்கயாவது விட்டுப்போகும். சூட்டுல விரியும்போது கனெக்‌ஷன் போகும், ஆறினா திரும்ப ஒட்டிக்கும். அதனாலதான் இருபது நிமிசம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது.

இத கண்டுபிடிக்க வண்டி நிக்கற அந்த நேரம்தான் முக்கியம், ஒர்க்‌ஷாப்ல ஆறிப்போய் வந்து நின்னா எந்த மெக்கானிக்குக்கும் எல்லாம் நல்லாத்தான் தெரியும். அடுத்த தடவ ஆஃப் ஆகும்போது ஆர்பிஎம் முள்ள பாருங்க. வண்டி கியர்ல உருண்டுக்கிட்டு இருக்கும்போது சக்கரம் இன்ஜின சுத்த வைக்கும், அப்ப முள்ளும் ஆர்பிஎம் காட்டணும். இன்ஜின் சுத்திக்கிட்டு இருக்கும்போதே முள்ளு பொத்துன்னு ஜீரோக்கு விழுந்தா சிக்னல் போச்சுன்னு அர்த்தம். முள்ளு நிதானமா காட்டிக்கிட்டே இருக்கு ஆனா இழுக்கலன்னா பெட்ரோல் பக்கமோ, ஸ்பார்க்குக்கு கரண்டு குடுக்கற காயில் பக்கமோ பாக்கணும்.

ஓரமா நிறுத்துன பின்னாடி சாவிய ஆன்ல வெச்சு செக் இன்ஜின் லைட் எரியுதான்னு பாருங்க. எரியலன்னா இசியூக்கே கரண்டு போகல, மெயின் ரிலே, ஃப்யூஸ், இக்னிஷன் சுவிட்ச் பக்கம் போகணும். எரிஞ்சா பின் சீட்டுக்கு அடில காது வெச்சு கேளுங்க, ரெண்டு மூணு செகண்டு பம்ப் உம்ம்னு ஓடி நிக்கணும். அது ஓடுதுன்னா பம்ப்புக்கும் அதோட ரிலேக்கும் உயிர் இருக்கு. அப்பறம் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு கொஞ்சமாச்சும் எந்திரிக்குதா பாருங்க, எல்லா வண்டியும் காட்டாது, உங்க வண்டி நல்லா இருக்கும்போது காட்டுதான்னு இன்னிக்கே பாத்து வெச்சுக்கோங்க.

ஸ்பார்க் பாக்கறேன்னு காயில கழட்டி காத்துல வெச்சு செல்ஃப் அடிக்க விடாதீங்க, கரண்டு போக வழி இல்லன்னா காயில் உள்ளயே அடிச்சு சாகும், சில சமயம் இசியூவையும் கூட்டிக்கிட்டு போகும். ஸ்பார்க் டெஸ்டர்னு கடைல கிடைக்கும், அத போட்டு பாக்க சொல்லுங்க.

இன்னொரு விசயம், இது எல்லாத்த விடவும் முக்கியம். ஓடும்போது ஆஃப் ஆனா கிளட்ச்ச மிதிக்காதீங்க. கியர்லயே விட்டா சக்கரம் இன்ஜின சுத்திக்கிட்டே இருக்கும், பெல்ட்ல ஓடற பவர் ஸ்டீயரிங் பம்ப் வேலை செய்யும், பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவம் கிடைக்கும். கிளட்ச்ச மிதிச்ச அந்த நொடில ரெண்டும் போயிடும், பூஸ்டர்ல மிச்சம் இருக்கற வாக்குவம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் வரும். ஹசார்டு லைட் போட்டு, பிரேக்க விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா அழுத்தி, ஓரத்துல வந்து வேகம் நல்லா குறைஞ்ச பின்னாடி கிளட்ச். சாவிய மட்டும் உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆயிடும்.


காரைக்குடி_செட்டிநாடு:

தம்பி, நான் அந்தக் காலத்துல அம்பாசிடர், பத்மினி எல்லாம் ஓட்டுனவன். கோடைல மத்தியானம் வண்டி இப்படித்தான் நிக்கும், பெட்ரோல் பம்ப் மேல ஈரத்துணிய சுத்தி கொஞ்சம் தண்ணி ஊத்துனா ஓடிரும். பெட்ரோல் சூட்டுல ஆவியாகி லைன்ல அடைச்சுக்கும், வேப்பர் லாக்னு சொல்லுவாங்க. உங்க வண்டிக்கும் அதுவா இருக்குமான்னு ஒரு தடவ பாருங்க.


கோவை_கராஜ்:

ஐயா சொல்றது கார்புரேட்டர் வண்டிக்கு நூத்துக்கு நூறு சரிங்க. அதுல பம்ப் இன்ஜின் மேலயே உக்காந்திருக்கும், டேங்க்ல இருந்து பெட்ரோல உறிஞ்சி இழுக்கும், சூட்டுல ஆவியானா உறிஞ்ச முடியாது. இந்த எம்பிஎஃப்ஐ வண்டில, அதாவது இன்ஜெக்டர் வழியா பெட்ரோல பீச்சற வண்டில, பம்ப் டேங்க்குக்கு உள்ள பெட்ரோல்லயே முழுகி இருக்குது, அங்க இருந்து 3 பார் பிரஷர்ல தள்ளிக்கிட்டு வருது, அந்த அழுத்தத்துல அவ்வளவு லேசுல ஆவியாகாது. ஆனா ஈரத்துணி ஐடியா நல்ல ஐடியாங்கய்யா, அத கிராங்க் சென்சார்ல வெச்சு பாக்கலாம். தம்பி, வண்டி நின்ன உடனே இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது ஈரத்துணிய சென்சார் மேல வெச்சு ரெண்டு நிமிசம் ஆற விடுங்க, சாதாரணமா இருபது நிமிசம் ஆகற வண்டி ரெண்டு நிமிசத்துல பிடிச்சா கையும் களவுமா பிடிச்ச மாதிரி. சென்சார் எங்க இருக்குன்னு முன்னாடியே உங்க மெக்கானிக்க காட்ட சொல்லி தெரிஞ்சுக்கோங்க, சில வண்டில கிராங்க் புல்லி பக்கம் இருக்கும், சிலதுல கியர்பாக்ஸ் சேர்ற எடத்துல. ஃபேன் திடீர்னு சுத்தும், சாவிய ஆஃப் பண்ணிட்டு கைய விடுங்க, சைலன்சர் பைப் பக்கம் கை படாம பாத்துக்கோங்க.

டேங்க்ல எப்பவும் கால் டேங்க்குக்கு மேல பெட்ரோல் வெச்சுக்கோங்க, அந்த பெட்ரோல்தான் பம்ப்ப குளிர வைக்குது, எப்பவும் ரிசர்வ்ல ஓட்டுனா புது பம்ப்பும் சீக்கிரம் போயிடும்.


யாழ்_பழசு:

வணக்கம் அண்ணை, நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இஞ்ச 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினவை, பிறகு 2025 பெப்ரவரியிலதான் தனியார் கார் கொண்டுவர திரும்ப விட்டவை, அவ்வளவு காலமும் இருக்கிற பழைய காரைத்தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினது, அதால இந்த மாதிரிக் கோளாறு இஞ்ச கனபேருக்குத் தெரியும். என்ர கார் தொண்ணூறுகளில செய்த ஜப்பான் செடான்.

கோவை அண்ணை மெயின் ரிலே எண்டு ஒரு சொல்லில சொல்லிப்போட்டு போயிட்டார், அதைப்பற்றி நான் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன், ஏனெண்டா எனக்கு நடந்தது அதுதான். என்ர கார் எஞ்சின் சூட்டில நிக்கேல்லை, காருக்கு உள்ளுக்குச் சூடானாத்தான் கரைச்சல். வெயிலுக்க கண்ணாடி பூட்டி நிப்பாட்டிப்போட்டு வந்து திறப்பைத் திருப்பினா எஞ்சின் சுத்தும், ஆனா ஸ்டார்ட் வராது, கதவெல்லாம் திறந்து வச்சு கொஞ்சம் காத்து பட்டாப்போல ஸ்டார்ட் வரும். ஏ9 ரோட்டில மத்தியானம் ஏசி போடாம வரேக்க ரெண்டொருக்கா ஓட்டத்திலயும் நிண்டது. கடைசியில டாஷ்போர்ட்டுக்குக் கீழ இருந்த ரிலே பெட்டியைக் கழட்டித் திறந்து பாத்தா உள்ளுக்க ஈயம் பத்தின இடங்களைச் சுத்தி மெல்லிய வட்டமா வெடிப்பு, வடிவா உத்துப் பாத்தாத்தான் தெரியும். பழைய ஈயத்தை எடுத்துப்போட்டு புதுசா பத்தினதோட சரி.

அதால உங்கட கார் எப்ப நிக்குது எண்டதை இன்னும் கொஞ்சம் கவனியுங்கோ. எஞ்சின் சூட்டிலயா, இல்லாட்டி உள் சூட்டிலயா? இரவில குளிர் நேரத்தில தூரம் ஓடினாலும் நிக்குதா? இரவிலயும் நிண்டா ரிலே இல்லை, கோவை அண்ணை சொன்ன சென்சார் பக்கம்தான் போகவேணும்.


சேலத்தான்:

கோவை அண்ணா, யாழ் நண்பர், காரைக்குடி ஐயா, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கிளட்ச் விஷயம் யாரும் இதுவரைக்கும் சொன்னதே இல்ல, டிரைவிங் ஸ்கூல்ல கூட சொல்லிக்குடுக்கல, வீட்ல வண்டி ஓட்டுற எல்லாருக்கும் சொல்லிட்டேன்.

யாழ் நண்பர் கேட்டதுக்கு பதில், ராத்திரி ஏசி போட்டு ஓட்டுனப்பவும் நின்னிருக்கு, வெயில்ல மூணு மணி நேரம் பார்க் பண்ணி எடுத்தப்ப பிரச்சனையே வந்ததில்ல. அப்ப இன்ஜின் சூடுதான்.

ஞாயித்துக்கிழமை மச்சானையும் கூட்டிக்கிட்டு, அவன் பைக்ல பின்னாடி வர, ட்ராஃபிக் இல்லாத நேரமா பார்த்து வெளிய எடுத்துட்டு போனேன். சொன்ன மாதிரியே ஆஃப் ஆச்சு, கியர்லயே விட்டேன், நிஜமாவே ஸ்டீயரிங்கும் பிரேக்கும் சாதாரணமா இருந்துச்சு, அந்த நேரத்துல ஆர்பிஎம் முள்ளு ஒரேயடியா ஜீரோல கிடந்துச்சு, வண்டி 50ல உருண்டுக்கிட்டு இருக்கு, முள்ளு மட்டும் செத்துப்போச்சு. நிறுத்திட்டு பார்த்தா செக் இன்ஜின் லைட் எரியுது, பம்ப் சத்தம் கேக்குது, செல்ஃப் அடிச்சா முள்ளு அசையல, ஆனா காலைல வீட்ல பார்த்தப்ப செல்ஃப்ல லேசா எந்திரிச்சுது. ஈரத்துணி வெச்சு ஆத்துனோம், ரெண்டாவது செல்ஃப்லயே பிடிச்சிடுச்சு!

மறுநாள் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட போய் சென்சார கழட்டி மீட்டர் வெச்சு ஹேர் டிரையர்ல சூடு காட்டுனோம், ரெண்டு வயர் டைப், ஆறி இருக்கும்போது நல்லா ரீடிங் காட்டுச்சு, சூடு ஏற ஏற திடீர்னு மீட்டர் ஓப்பன் காட்டிடுச்சு, அதாவது உள்ள கம்பி விட்டுப்போச்சு. புது சென்சார் போட்டாச்சு. கனெக்டர் பக்கத்துல வயர் மேல் தோல் வெடிச்சு இருந்ததையும் வெட்டி புதுசா சேர்த்தாச்சு. அதுக்கப்புறம் ஓசூர் வரைக்கும் போய் வந்தேன், தொப்பூர் ஏத்தமும் இறக்கமும் ரெண்டும் பார்த்தாச்சு, ஒரு தடவ கூட நிக்கல. இசியூக்கு குடுக்க இருந்த காசுல இது பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

ஆனா அந்த வெட்டி வெட்டி போறது, ஐடில் ஏறி இறங்குறது அப்படியே இருக்கு. அடுத்து என்ன பார்க்கலாம்?


சென்னை_டியூனர்:

கிராங்க் சென்சார் கண்டுபிடிச்ச விதம் ரொம்ப சரியா இருக்கு, வாழ்த்துகள். ரெண்டாவது பிரச்சனைக்கும் அதே மாதிரி நிதானமா போகலாம், ஆக்ஸிஜன் சென்சார், காயில்னு வரிசையா வாங்கி மாட்டாதீங்க.

உங்க வண்டியோட லைவ் டேட்டா வேணும். டாஷ்போர்டுக்கு கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், ஆனா ஆன்லைன்ல விக்கிற சின்ன ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (இசியூல இருக்குற தகவல படிக்குற கருவி) உங்க வண்டில கனெக்ட் ஆகாம போகலாம். நம்ம நாட்ல ஓபிடி2 கட்டாயம் ஆனது 2013 ஏப்ரல்ல, அதுக்கு முன்னாடி வந்த பல வண்டிகள்ல சாக்கெட் மட்டும்தான் அந்த ஷேப்ல இருக்கும், பேசுற பாஷை கம்பெனியோட சொந்த பாஷை. பெரிய ஸ்கேனர் வெச்சிருக்குற இடத்துல போட்டு பாருங்க.

அதுல லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்னு ஒரு நம்பர் இருக்கும். கணக்குப்படி ஊத்த வேண்டிய பெட்ரோலுக்கு மேல எத்தனை சதவீதம் கூடுதலா இசியூ ஊத்திக்கிட்டு இருக்குங்கறது அது. ஐடில்ல ஒரு தடவ, 2500 ஆர்பிஎம்ல நிலையா பிடிச்சுக்கிட்டு ஒரு தடவ, மலை ஏறும்போது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஒரு தடவ குறிச்சுக்கிட்டு வாங்க. ஐடில்ல நம்பர் பெருசா இருந்து ஆர்பிஎம் ஏத்துனா குறைஞ்சா எங்கயோ காத்து லீக் ஆகுது, ஏன்னா ஓட்டை வழியா வர்ற காத்து ஐடில்ல பெரிய பங்கு, ஆர்பிஎம் ஏற ஏற மொத்த காத்துல அது சின்ன பங்காயிடும். தலைகீழா ஐடில்ல சரியா இருந்து லோடுல நம்பர் ஏறிக்கிட்டே போனா பெட்ரோல் பத்தல, அப்ப ஃப்யூயல் பிரஷர் கேஜ் போட்டு லோடுல பார் இறங்குதான்னு பார்க்கணும்.

மதுரை நண்பர் சொன்ன இ20 விஷயத்தையும் இந்த நம்பர் வெச்சே பேசலாம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கணக்கு போட்டா இ20ல ஓடுற வண்டி பழைய பெட்ரோல விட சுமார் 8 சதவீதம் கூடுதலா ஊத்தணும். அதனால பழைய வண்டில ட்ரிம் 7, 8 காட்டுனா அது பெட்ரோலோட வேலை, மைலேஜ் குறையுறதும் அதனாலதான், அதுல அவர் சொன்னது சரி. ஆனா அது ஐடில், ஹைவே எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கும். அதுக்கு மேல இருக்குறதுதான் உங்க வண்டியோட சொந்த கோளாறு. இசியூ இவ்வளவு வரைக்கும்தான் ஈடு கட்டும்னு ஒரு எல்லை இருக்கு, எத்தனால் 8 எடுத்துக்கிட்டா மிச்சம் இருக்குற இடம் குறைவு, முன்னாடி தெரியாம ஓடுன சின்ன லீக் இப்ப வெட்டலா வெளிய தெரியும்.

அப்படியே கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் ரீடிங்கும் பாருங்க, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி வெளிய இருக்குற வெயிலோட அளவ ஒட்டி காட்டணும், 28 டிகிரி காலைல அது 5ன்னோ 60ன்னோ காட்டுனா இசியூ தப்பான கணக்குல பெட்ரோல் ஊத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மிஸ்ஃபயரோட ரொம்ப நாள் ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள எரியும், உள்ள இருக்குற செராமிக் உருகி அடைச்சுக்கும், அப்புறம் மேல் ஆர்பிஎம்ல வண்டி மூச்சு முட்டும், அது பெரிய செலவு.


சேலத்தான்:

டியூனர் சார், நீங்க சொன்ன மாதிரியே ப்ளூடூத் அடாப்டர் கனெக்ட் ஆகல. ஸ்கேனர் இருக்குற இடத்துல பார்த்தோம். ஐடில்ல பிளஸ் 23, 2500ல பிளஸ் 11, ஏத்தத்துல பிளஸ் 10. கூலன்ட் சென்சார் காலைல 27 காட்டுச்சு, அது ஓகே.


சென்னை_டியூனர்:

அப்ப காத்து லீக். பெட்ரோல் பிரஷர் சந்தேகம் இல்ல, ஏத்தத்துல நம்பர் ஏறல. இதுல எத்தனால் பங்க கழிச்சா ஐடில்ல 15 சதவீதம் கணக்குல வராத காத்து உள்ள போகுது, அது சின்ன ஓட்டை இல்ல. உள்ள போற காத்த அளக்குற ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் ஹோஸ் போகும், மேல இருந்து பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், கழட்டி அடிப்பக்கத்த வளைச்சு பாருங்க. ஆக்ஸிலரேட்டர் குடுக்கும்போது இன்ஜின் மவுண்ட்ல ஆடும், அப்ப மடிப்புல இருக்குற வெடிப்பு வாய பிளக்கும், அளக்காத காத்து திடீர்னு உள்ள போகும், அதான் அந்த வெட்டல். அது நல்லா இருந்தா இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்கு போற வாக்குவம் பைப், இன்ஜின் உள்ள சேர்ற புகைய திரும்ப இன்டேக்குக்கு கொண்டு போற பிசிவி பைப் பாருங்க. நிறைய ஒர்க்‌ஷாப்ல இப்ப ஸ்மோக் மெஷின் இருக்கு, புகைய உள்ள விட்டா ஓட்டை இருக்குற இடத்துல வெளிய வந்துடும், பெட்ரோல் ஸ்பிரே அடிச்சு தேடுறத விட அது எவ்வளவோ பாதுகாப்பு.


சேலத்தான்:

சார், ஹோஸ்தான்! மேல கண்ணாடி மாதிரி இருக்கு, அடில மூணாவது மடிப்புல பாதி சுத்துக்கு வெடிப்பு, விரல் உள்ள போகுது. பிசிவி பைப்பும் கல்லு மாதிரி ஆகி நுனில உடைஞ்சிருந்துச்சு. ரெண்டும் மாத்தியாச்சு, கூடவே வலது பக்க இன்ஜின் மவுண்ட் ரப்பர் பிஞ்சு போயிருந்ததால அதையும் மாத்திட்டேன். இப்ப ஐடில்ல ட்ரிம் 8, 2500ல 7. ஐடில் ஆடாம நிக்குது, வெட்டல் சுத்தமா போயிடுச்சு, நேத்து ஏற்காடு போனோம், செகண்ட் கியர்லயே ஏறிடுச்சு, அம்மாவும் வந்தாங்க.

மதுரை ப்ரோ, உங்க வண்டிக்கும் இந்த ட்ரிம் நம்பர ஒரு தடவ பாருங்க, 8க்கு மேல இருந்தா பெட்ரோல் மட்டும் காரணம் இல்ல.


மதுரை_வைகை:

பாக்குறேன் ப்ரோ. நம்ம வண்டி ஐடில்ல 14 காட்டுனா அப்ப இதே ஹோஸ்தான் பாக்கணுமா? அப்புறம் ஃப்யூயல் ஹோஸ் பக்கம் லேசா பெட்ரோல் வாடை வருது, அதுக்கு என்ன பண்றது?


கோவை_கராஜ்:

மதுரை தம்பி, 14ன்னா லீக் தேடணும், ஹோஸ்ல இருந்தே ஆரம்பிங்க. பெட்ரோல் வாடைய மட்டும் நாளைக்குன்னு தள்ளாதீங்க, பழைய ரப்பர் ஹோஸ் எத்தனால்ல உப்பி வேர்க்கும், அப்பறம் கசியும், சூடான இன்ஜின் மேல சொட்டுனா தீ பிடிக்கும். எத்தனால் தாங்கற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஹோஸ்னு கேட்டு வாங்குங்க, மீட்டர் கணக்குல விக்கற சாதா பெட்ரோல் டியூப் வேண்டாம், 3 பார் பிரஷருக்கு அது நிக்காது. கிளாம்பும் புதுசு போடுங்க.

சேலம் தம்பி, வண்டி நல்லா ஆனதுல எனக்கு ரொம்ப சந்தோசமுங்க. ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு, உங்க இன்ஜின்ல கிராங்கையும் வால்வையும் ஒரே கணக்குல ஓட்டறது டைமிங் பெல்ட்டா செயினா? பெல்ட்டுன்னா கடைசியா எப்ப மாத்துனீங்க?


சேலத்தான்:

பெல்ட்தான் அண்ணா. அப்பா இருக்கும்போது மாத்துனாரான்னு தெரியல, ஃபைல்ல பில்லு எதுவும் இல்ல.


கோவை_கராஜ்:

பில்லு இல்லன்னா மாத்தலன்னே வெச்சுக்கோங்க. பெல்ட் பெரும்பாலும் 80,000ல இருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தணும், நீங்க 1,38,000ல இருக்கீங்க, கிலோமீட்டர் ஓடலன்னாலும் ரப்பருக்கு வயசாகும். அது அறுந்தா நிறைய இன்ஜின்ல பிஸ்டன் வந்து வால்வ அடிச்சு வளைச்சிடும், ஹெட்ட இறக்கி வேலை பாக்கணும், ஆறினா ஸ்டார்ட் ஆகற கேஸ் இல்ல அது. பெல்ட் மட்டும் போடாம டென்ஷனர், ஐட்லர் பேரிங், வாட்டர் பம்ப் சேத்து மாத்துங்க, எப்படியும் அதே எடத்த பிரிச்சுத்தான் ஆகணும், கூலி ஒண்ணுதான். அது வரைக்கும் ஓசூர் பக்கம் எல்லாம் எடுக்க வேண்டாம், ஊருக்குள்ளயே ஓட்டுங்க.


சேலத்தான்:

சரிங்க அண்ணா, வர்ற வாரம் லீவு போட்டு வண்டிய விட்டுடுறேன். பார்ட்ஸ் நம்பர் எடுத்து இங்க போடுறேன், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ பார்த்து சொல்லுங்க.